மேக்கில் எழுதாது, டிவியில் தெரியாது: எலிமெண்ட்ஸ் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை வேலைக்கு எடுப்பது எப்படி

கறுப்புப் பிளாஸ்டிக் ஓடு, குட்டையான ஒரு வயர், மடித்த தாள். டபிள்யூ.டி. (வெஸ்டர்ன் டிஜிட்டல்) எலிமெண்ட்ஸ் போர்ட்டபிள் 2 டெராபைட் பெட்டிக்குள் இருப்பது அவ்வளவுதான். கடவுச்சொல் போடும் வசதியோ வேறு அலங்காரமோ கிடையாது. எளிமையான பொருள், செய்யவேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்கிறது. விலை டொலரோடு ஏறி இறங்குவதால் தொகை எழுதிப் பயனில்லை.

வாங்குபவரைக் குழப்புவது டிஸ்க் அல்ல, அது வரும் ஃபோர்மட், அதாவது கோப்புகளை உள்ளே அடுக்கி வைக்கும் முறை. இந்த மொடல் என்டிஎஃப்எஸ்ஸில் வருகிறது, அதாவது விண்டோஸுக்கென்று தயார்செய்து. திருகோணமலையில் ஒரு டிஸ்க் ஒரே வீட்டில் தங்குவது குறைவு. கல்யாண வீடியோ எடுப்பவர் விண்டோஸில் இறக்குகிறார், வெட்டி ஒட்டுபவர் மேக்கில் இருக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் டிவியில் செருகிப் பார்க்கிறார்கள். புறாத்தீவுக்குச் சுழியோடிகளைக் கூட்டிப்போகிறவர்கள் நீருக்கடியில் எடுத்த படத்தை வெளிநாட்டாரின் மேக்புக்கில் ஏற்றிக் கொடுக்கவேண்டும். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளையின் லப்டொப்பில் உபுண்டு லினக்ஸ். இத்தனை இடத்திலும் ஒரே டிஸ்க் ஓடவேண்டும் என்றால், பெட்டியைப் பிரித்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே கோப்பு ஏறிய பிறகு ஃபோர்மட் மாற்ற நினைத்தால் அதே அளவு இன்னொரு டிஸ்க் கடன் கேட்கவேண்டி வரும்.

என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக்கில் செருகினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், படம் ஓடும், மேக்குக்குக் கொப்பியும் எடுக்கலாம். ஆனால் ஒரு கோப்பைக்கூட அதில் போட ஏலாது, அழிக்கவும் ஏலாது. ‘டிஸ்க் லொக் ஆகிவிட்டது’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. ஆப்பிள் என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்க மட்டும் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பரகன், டக்ஸெரா போன்ற நிறுவனங்களின் கட்டண மென்பொருளைப் போட்டால் எழுதும். ஆனால் அதை ஒவ்வொரு மேக்கிலும் போடவேண்டும், அடுத்தவரின் மேக்கில் அது நடக்கிற காரியமா?

லினக்ஸில் நிலைமை பரவாயில்லை. என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், எழுதும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. டிஸ்க் செருகியிருக்கும்போதே விண்டோஸை ‘ஷட் டவுன்’ கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்துக்குப் போகும். டிஸ்க்கும் ‘இன்னும் பாவனையில் இருக்கிறேன்’ என்ற குறியோடு நிற்கும். அதை உபுண்டுவில் செருகினால் வாசிக்க மட்டும்தான் விடும், சில வேளை திறக்கவே விடாது. அதே விண்டோஸ் கணினியில் திரும்பச் செருகி, முறையாக இஜெக்ட் செய்து எடுத்தால் சரி.

பழைய ஃபோர்மட்டான ஃபாட் 32 எல்லாவற்றிலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் ஏற்காது. ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவே அதைத் தாண்டிவிடும். 1 டெராபைட் இடம் காலியாகக் கிடக்க, ‘கோப்பு பெரிது’ என்று திரையில் வருவதன் காரணம் இதுதான். விண்டோஸின் வழமையான ஃபோர்மட் சாளரமும் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஃபாட் 32 தெரிவைக் காட்டிவந்ததில்லை. வேன், பஸ்ஸில் பாட்டுப் போடும் செட்டுக்காக ஃபாட் 32 வேண்டுமென்றால் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அந்த செட்டின் யூஎஸ்பி துளை இந்த டிஸ்க்கைச் சுழற்றும் அளவு கரண்ட் கொடுக்குமா என்பதே சந்தேகம்.

மிஞ்சுவது எக்ஸ்ஃபாட். மைக்ரோசொஃப்ட் 2006இல் கொண்டுவந்தது, மேக் 2010இல் வந்த 10.6.5 பதிப்பிலிருந்து வாசித்து எழுதுகிறது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் சாம்சங் எழுதிய டிரைவர் 2020இல் 5.7 பதிப்போடு சேர்ந்தது. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்கள் செருகினால் போதும். 18.04 போன்ற பழைய பதிப்புக்கு எக்ஸ்ஃபாட்-ஃபியூஸ் பொதியை நிறுவவேண்டும். 64 ஜிபி முதல் வரும் கமரா கார்டுகளும் இதே எக்ஸ்ஃபாட்தான். ஆகவே கார்டில் 4 ஜிபி தாண்டிய ஒரே கோப்பை அப்படியே டிஸ்க்குக்கு இழுக்கலாம்.

எக்ஸ்ஃபாட் போட்டால் எல்லாத்திலயும் ஓடும் என்று கடையில் சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் பாதிதான். ஓடும் என்பது வேறு, தாங்கும் என்பது வேறு. என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று ஒரு நாட்குறிப்பு எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபாட்டில் அந்த நாட்குறிப்பு இல்லை. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையும் பொதுவாக ஒரு பிரதிதான். கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது வயர் கழன்றாலோ மின்வெட்டு வந்தாலோ, அந்த ஒரு கோப்பு மட்டுமல்ல, முழு ஃபோல்டருமே காணாமல் போகலாம். லப்டொப்பில் பற்றரி இருப்பதால் தப்பும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் மாரி காலத்து இடிமின்னலுக்குள் 200 ஜிபி ஏற்றுவது நல்ல யோசனை அல்ல.

ஆகவே இந்த டிஸ்க்கை எக்ஸ்ஃபாட்டில் கொண்டுதிரியப் பாவியுங்கள், ஒரே பிரதியை அதில் சேமித்து வைக்காதீர்கள். விண்டோஸில் மட்டுமே திறக்கும் குடும்பப் படத்தொகுப்பு என்றால் பெட்டியில் வந்த என்டிஎஃப்எஸ்ஸை மாற்றவே தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஃபோர்மட்டை விண்டோஸில் செய்வது நல்லது. மேக்கில் எக்ஸ்ஃபாட் போட்ட டிஸ்க் சில டிவிகளிலும் சில விண்டோஸ் கணினிகளிலும் முரண்டு பிடிப்பதுண்டு. விண்டோஸில் போட்டதை மேக் முணுமுணுக்காமல் ஏற்கும்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசை தெரியும். எலிமெண்ட்ஸ் சுமார் 1863 ஜிபி என்று இருக்கும். 2 டெராபைட்டில் மிச்சம் எங்கே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அதனால் எக்ஸ்ப்ளோரரில் 1.81 டெராபைட் என்றே வரும். அதே டிஸ்க்கை மேக் 2 டெராபைட் என்று காட்டும். அளவைப் பார்த்து இதுதான் என்று உறுதிசெய்த பிறகே அடுத்த கிளிக். கணினிக்குள் இன்னொரு 2 டெராபைட் டிஸ்க் இருந்தால் எலிமெண்ட்ஸைக் கழற்றிப் பாருங்கள், எந்த வரிசை மறைகிறதோ அதுதான்.

முதலில் டிஸ்க்கின் பெயர்ப் பெட்டியில் வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், வொல்யூம்ஸ். பார்ட்டிஷன் ஸ்டைல், அதாவது டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறை, எம்பிஆரா (பழையது) ஜிபிடியா (புதியது) என்று பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் எதுவானாலும் சரி. பழைய டிவி, டிவிடி பிளேயர்களில் பல ஜிபிடியைக் கண்டால் ‘சாதனம் இல்லை’ என்று கைவிரிக்கும். டிவி உங்கள் பட்டியலில் இருந்தால் எம்பிஆர் வையுங்கள். மாற்றவேண்டுமானால் இருக்கும் பகுதியை டிலீட் வொல்யூம் செய்துவிட்டு, டிஸ்க்கின் பெயரில் வலது கிளிக் செய்தால் கன்வெர்ட் டு எம்பிஆர் வரும். டிலீட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எம்பிஆரின் எல்லை ஏறத்தாழ 2.2 டெராபைட், இந்த டிஸ்க் அதற்குள் அடங்கும். 4 டெராபைட் வாங்குபவர்களுக்கு இந்த வழி சரிவராது, ஜிபிடிதான்.

பிறகு கறுப்புப் பட்டையில் வலது கிளிக், நியூ சிம்பிள் வொல்யூம். டிலீட் செய்யத் தேவைப்படாதவர்கள் இருக்கும் பகுதியிலேயே வலது கிளிக், ஃபோர்மட். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபாட். வொல்யூம் பெயர் 11 எழுத்துக்குள், ஆங்கிலத்தில் போடுங்கள், பழைய டிவிகளுக்குத் தமிழ்ப் பெயர் பிடிபடாது. அடுத்தது அலொகேஷன் யூனிட் சைஸ். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவது இதைத்தான். இந்த அளவு டிஸ்க்குக்கு டிஃபோல்ட் 128 கேபி. அதாவது 5 கேபி கடிதம்கூட 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பத்தாயிரம் சின்னக் கோப்பு இருந்தால் உண்மையான கனம் 50 எம்பி, டிஸ்க்கில் தின்பது ஏறத்தாழ 1.2 ஜிபி. வீடியோ, படம் மட்டும் என்றால் 128ஐ அப்படியே விடுங்கள். அலுவலகக் கோப்பு, பாடக்குறிப்பு, மென்பொருள் வேலை என்றால் 32 கேபி போதும்.

பெர்ஃபோர்ம் எ குவிக் ஃபோர்மட் என்ற பெட்டி டிக் ஆகியே வரும். அப்படியே விட்டால் சில வினாடியில் முடியும். டிக்கை எடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியம் எழுதிப் பார்க்கும். வினாடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் ஐந்தரை மணி நேரம். புது டிஸ்க்குக்கு இந்த நீண்ட வழியை ஒருதரம் செய்வதை நான் சிபாரிசு செய்வேன். பழுதான இடம் இருந்தால் கோப்பு ஏறுமுன்னே தெரிந்துவிடும், கடைக்காரர் முகம் கோணாமல் மாற்றித்தரும் நாட்களும் அவைதான். இன்னொன்று: குவிக் ஃபோர்மட் செய்த டிஸ்க்கில் பழைய கோப்புகளை மீட்கலாம், நீண்ட ஃபோர்மட்டுக்குப் பிறகு மீட்க முடியாது. தவறான டிஸ்க்கைக் குவிக் ஃபோர்மட் செய்துவிட்டால் அதில் ஒன்றும் எழுதாமல் உடனே கழற்றுங்கள். பழைய டிஸ்க்கை விற்கும்போது இதையே தலைகீழாக நினைவில் வைத்திருங்கள்.

கையில் மேக் மட்டும்தான் என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ ஓல் டிவைசஸ் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஸ்கீம் என்ற தெரிவே கண்ணில் படாது. இடப்பக்கம் மேலே இருக்கும் டிஸ்க்கின் பெயரைத் தெரிவுசெய்து, இரேஸ், ஃபோர்மட் எக்ஸ்ஃபாட், ஸ்கீம் மாஸ்டர் பூட் ரெக்கோர்ட் (எம்பிஆர் என்பது இதுதான்). ஆப்பிள் பார்ட்டிஷன் மேப் என்பதைத் தொடவே வேண்டாம், விண்டோஸுக்கு அது புரியாது.

மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பும் இதே டிஸ்க்கில் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட்டில் அது நடக்காது, மேக்கின் சொந்த ஃபோர்மட் கேட்கும். டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கலாம். அப்போது ஜிபிடிதான் வைக்கவேண்டும், டிவியை மறக்கவேண்டும். மேக் பகுதி விண்டோஸில் தெரியாது. சில வேளை ‘இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்தால்தான் பாவிக்கலாம்’ என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல். எந்த நிலையிலும் கேன்சல். அந்தச் சாளரத்தில் ஓகே கொடுத்துத் தொலைத்த ஆல்பங்களை எண்ணினால் கணக்கில்லை. சுழலும் டிஸ்க்கில் மேக்கின் புதிய ஃபோர்மட்டான ஏபிஎஃப்எஸ் நாளடைவில் இழுபடும், அது எஸ்எஸ்டிக்கென்று செய்தது. பேக்கப்புக்கு வேறு டிஸ்க் வாங்குவதுதான் மரியாதை.

ஃபோர்மட் முடிந்து வேலை தொடங்கியபின் வரும் தலையிடிகளில் முதலாவது மேக்கில் ‘டிஸ்க் வரவே இல்லை’ என்பது. விளக்கு மின்னுகிறது, திரையில் ஒன்றுமில்லை. முந்திய தடவை இஜெக்ட் செய்யாமல் இழுத்திருந்தால் மேக் முதலில் டிஸ்க்கைப் பின்னணியில் சோதிக்கும், முடியும்வரை காட்டாது. கோப்பு அதிகமானால் நீண்ட நேரம் எடுக்கும். பொறுமை இழந்து திரும்ப இழுத்தால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு வாருங்கள்.

லினக்ஸில் கொப்பிப் பட்டை நிறைந்துவிடும், ஆனால் கோப்பு இன்னும் நினைவகத்திலேயே நிற்கும், டிஸ்க்குக்குப் போயிருக்காது. இஜெக்ட் கொடுத்து, பாதுகாப்பாகக் கழற்றலாம் என்று வரும்வரை கை வைக்கவேண்டாம். விண்டோஸ் 10இன் 2018 பதிப்பிலிருந்து குவிக் ரிமூவல்தான் டிஃபோல்ட் என்பதால் அங்கே ஆபத்து குறைவு, இல்லை என்று அர்த்தமில்லை.

மேக்கில் எழுதிய டிஸ்க்கை டிவியில் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் ஒரு போலிக் கோப்பு நிற்கும், திறந்தால் ‘ஆதரவில்லை’ என்று வரும். வைரஸ் இல்லை. மேக் தன் குறிப்புகளை எக்ஸ்ஃபாட்டில் வைக்கும் விதம் அது. விண்டோஸில் அழித்துவிடலாம்.

கோப்புப் பெயரும் ஒரு விஷயம். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம் விண்டோஸுக்கு ஆகாது. நேரத்தைக் கோப்புப் பெயரில் எழுதுபவர்கள் கவனிக்கவும். தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு எல்லை உண்டு. எக்ஸ்ஃபாட் 255 குறியீடுகளை ஏற்கும், லினக்ஸின் சொந்த ஃபோர்மட்டான எக்ஸ்ட்4 255 பைட்டுகளை மட்டுமே ஏற்கும். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். ‘கோ’ என்பதே க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடு. ஆகவே 85 குறியீட்டைத் தாண்டிய பெயர் டிஸ்க்கில் இருக்கும், உபுண்டுவுக்குள் கொப்பி ஆகாது. பாமினியில் அடித்த பழைய வேர்ட் கோப்பு மேக்கில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதற்கும் டிஸ்க்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அங்கே எழுத்துரு இல்லை.

டிவியில் நிகழ்ச்சி பதியும் வசதி இருந்தால் ‘ஃபோர்மட் செய்யவா’ என்று கேட்கும். ஆம் என்றால் முழு டிஸ்க்கும் அந்த டிவிக்கே சொந்தமான வடிவத்துக்கு மாறிவிடும். படம் பார்க்க மட்டும் செருகுவதாக வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், முக்கியமாகச் சின்னவர்களுக்கு.

டிஸ்க்கைப் பற்றியும் சில சொல்லவேண்டும். யூஎஸ்பி 3 துளையில் 100 ஜிபி கிட்டத்தட்ட 17 நிமிடம், யூஎஸ்பி 2இல் முக்கால் மணிக்கு மேல். இந்த அளவு 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுபவை. நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றினால் இடையில் வேகம் விழும், பழுது என்று பதறவேண்டாம். டெஸ்க்டொப்பின் முன்பக்கத் துளையில் டிக் டிக் என்று சத்தமிட்டு விட்டுவிட்டு வந்தால் பின்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அநேகமாகக் கரண்ட் போதவில்லை. அங்கேயும் சத்தம் வந்தால் எழுதுவதை நிறுத்தி, முடிந்ததைக் கொப்பி எடுங்கள்.

பலவீனமான இடம் அந்த அகலமான மைக்ரோ-பி துளை. எலிமெண்ட்ஸில் அது உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ஓட்டைப் பிரித்து டிஸ்க்கை வேறு பெட்டியில் போடலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. துளை ஆடினால் கோப்பை மீட்பது நுணுக்கமான வேலை. மேக்புக்குக்கு ஆடும் அடப்டர் செருகாமல், ஒருபக்கம் டைப்-சி உள்ள முழு வயரே வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் காற்றில் செம்பு முனைகள் கறுக்கும். சிலிக்கா பையோடு மூடும் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நல்லது. ஓடும் படகிலோ ஆட்டோவிலோ கொப்பி எடுக்கவே கூடாது. இஜெக்ட் செய்து, தட்டு நிற்கப் பத்து வினாடி விட்டு எடுங்கள்.

வாங்கும்போது கடை மேசையிலேயே, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். பவர் ஒன் அவர்ஸ் (டிஸ்க் ஓடிய மணி நேரம்) பூச்சியம் அல்லது ஒன்று இரண்டு இருக்கவேண்டும்; பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5 வரிசைகளின் உண்மை எண்ணிக்கை (ரோ வெல்யூஸ்) பூச்சியமாக இருக்கவேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் அது புது டிஸ்க் அல்ல. இணையத்தில் கைச்செலவு காசுக்கு 16 டெராபைட் என்று வரும் குட்டிப் பெட்டிகளுக்கு எழுதி வாசித்துக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓடவிட்டால் உண்மை வெளிவரும், உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறிய மெமரி கார்ட். உத்தரவாதம் இறக்குமதி முகவருடையதா, கடையுடையது மட்டுமா என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். முகவருடையது என்றால் டிஸ்க் கொழும்புக்குப் போய் வரும்வரை காத்திருக்கவேண்டும். உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருந்த படங்களுக்கு இல்லை. மாற்றித் தரும் டிஸ்க்கும் என்டிஎஃப்எஸ்ஸிலேயே வரும், மேலே சொன்னதை முதலிலிருந்து செய்யவேண்டும்.